திடலுக்கு வெளியே நிற்பவர்: பயிற்றுநர் கே.ராஜகோபாலின் தொழில்வாழ்க்கை

ஒரு தேசத்தின் விளையாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், கோல் அடித்தவனின் பெயரையும் கோலைத் தடுத்தவனின் பெயரையும் விடாமல் குறித்து வைத்துவிட்டு, அந்த இருவரையும் இன்ன நாளில் இன்ன இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்தவரின் பெயரை மாத்திரம் ஒரு வரியோடு முடித்துவிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்துவருகிறது. பயிற்றுநரின் தொழில் அப்படிப்பட்டது. அவர் செய்யும் காரியம் முழுவதும் மற்றொருவருடைய கால்களால் நிறைவேறுகிறது; புகழ் அந்தக் கால்களுக்கும், பழி பெரும்பாலும் அவருக்கும் வந்து சேர்கின்றன. மலேசியத் தமிழருள் இத்தொழிலில் மிக உயர்ந்த ஸ்தானத்தை அடைந்தவர் டத்தோ கே.ராஜகோபால் என்பதில் இரண்டு அபிப்பிராயங்களுக்கு இடமில்லை. ஆயினும் அவருடைய தொழில்வாழ்க்கையை ஆராயும்போது, வெற்றிகளின் ஜாபிதாவைக் காட்டிலும், பல ஆண்டுகள் பிடிக்கும் ஒரு வேலையைத் தொண்ணூறு நிமிஷங்களில் மதிப்பிட்டுவிடும் உலகத்தில் ஒரு மனிதர் தம் தீர்மானத்தை எவ்வாறு காப்பாற்றிக்கொண்டார் என்பதே நமக்கு முக்கியமாகப் படுகிறது.

விளையாட்டுக்குச் சம்பளம் என்பதே ஒரு காலத்தில் அவமரியாதையாகக் கருதப்பட்டது. இங்கிலாந்தின் வட பகுதியில் சுரங்கங்களிலும் நூற்பாலைகளிலும் உழைத்த தொழிலாளர்கள், சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலியை இழந்தார்கள். இழந்த கூலியை மட்டுமாவது ஈடுசெய்ய வேண்டும் என்று அவர்களுடைய கழகங்கள் கேட்டபோது, லண்டனில் இருந்த ரக்பிச் சங்கத்தார் மறுத்துவிட்டார்கள். அதன் விளைவாக 1895 ஆகஸ்டு 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடித் தனிச் சங்கம் ஒன்றை அமைத்தன. ரக்பி லீக் என்று இன்று அழைக்கப்படும் ஆட்டம், ஒரு பக்கத்துக்கு 13 பேர் என்ற விதியை 1906-இல் ஏற்றுக்கொண்டு, பிறகு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பெருந்தொழிலாக வளர்ந்தது. அங்கே பயிற்றுநர் தொழிலின் உச்சத்தைத் தொட்டவர் வேய்ன் பென்னெட். குவீன்ஸ்லாந்தில் காவல்துறையில் வேலை பார்த்த அவர், 1988-இல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் கழகம் தோன்றியபோதே அதன் முதல் பயிற்றுநராகி, 1992 முதல் 2006 வரை அக்கழகத்துக்கு ஆறு முறையும், 2010-இல் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா கழகத்துக்கு ஒரு முறையும் சாம்பியன் பட்டத்தை வாங்கித் தந்தார். அப்படிப்பட்டவரையே, அவர் கட்டி எழுப்பிய பிராங்கோஸ் கழகம் 2018 டிசம்பரில், ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலக்கிவிட்டது. உலகத்தின் எந்த மூலையிலும், எந்த ஆட்டத்திலும், பயிற்றுநர் பதவிக்கு நிரந்தரம் என்பது கிடையாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

மலாயாவில் ரக்பியின் பெருங்கிண்ணத்துக்கும் காற்பந்தின் பெருங்கிண்ணத்துக்கும் பிறந்தநாள் ஒன்றே என்று சொன்னால் மிகையாகாது. மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டு பிரிட்டிஷ் கடற்படையில் சேர்க்கப்பட்ட ஹெச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பல் 1921-இல் இக்கரைகளுக்கு வந்துபோனது. அதன் அதிகாரிகளும் மாலுமிகளும் தாங்கள் பெற்ற உபசரிப்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களை அளித்தார்கள். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. காற்பந்துக்கான மலாயா கிண்ணமே 1967 முதல் மலேசியக் கிண்ணம் ஆயிற்று. பேராக் மாநிலம் அதை முதன்முதலில் 1926-இல் வென்றது; 1957-இல் நாடு விடுதலை பெற்ற ஆண்டிலும் வென்றது. ரக்பியோ பெரும்பாலும் வெள்ளையர் கிளப்புகளிலும் கோலகங்சார் மலாய்க் கல்லூரி போன்ற பெரிய பள்ளிகளிலுமே வேரூன்றி நின்றது. தோட்டத் தமிழனின் காலுக்கு வந்து சேர்ந்தது காற்பந்துதான். அந்த ஆட்டத்துக்கு ஒரு பந்தும், இரண்டு ஜோடிக் கம்பங்களும், மாடு மேயாத ஒரு துண்டு நிலமும் போதும்.

இதை அறியப் பேராக் மாநிலத்துப் பத்து காஜாவின் சுற்றுவட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஈப்போ பெருநகராக வளர்வதற்கு முன்பு கிந்தா மாவட்டத்தின் நிர்வாகம் இங்கிருந்துதான் நடைபெற்றது. சங்காட் மேட்டின் மேல் இன்னும் நிற்கும் பழைய அரசாங்கக் கட்டடங்கள் அதற்குச் சாட்சி. ஒரு பக்கம் ஈயக்கப்பல்கள் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தன. 1938-இல் கட்டப்பட்ட தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1982 வரைக்கும் வேலை செய்தது. மறுபக்கம் ரப்பர்த் தோட்டங்கள். தோட்டத்துரை வில்லியம் கெல்லி ஸ்மித் தம்முடைய கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் எழுப்பத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனதால் முடிவுறாமல் நின்றுவிட்ட மாளிகையைக் காண இன்று வெளியூரிலிருந்து ஜனங்கள் வருகிறார்கள். அந்த மாளிகையைக் கட்டுவதற்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளிகளுடைய கைகள் தேவைப்பட்டன. அவர்களுடைய மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் கூரைச் சுதைச் சிற்பங்களிடையே தொப்பி அணிந்த துரையின் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள்.

இத்தகைய தோட்டங்களில் ஒரு நாளின் அமைப்பே காற்பந்துக்கு இடம் கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற நின்றுவிடும். ஆகையால் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு இருட்டோடு நடந்துவிடும். பொழுது புலரும்போது மரங்களில் கத்தி விழுந்திருக்கும்; முற்பகலில் வாளிகளில் பாலை ஊற்றி, ஸ்டோருக்குச் சுமந்து, நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிற்பகல் தொழிலாளியின் கையில் மிச்சப்படும். வெயில் தாழ்ந்த பிறகு லயங்களுக்குப் பக்கத்திலுள்ள திடலில் வெறுங்காலோடு பிள்ளைகள் இறங்குவார்கள். மழை பெய்த மறுநாள் அந்தச் செம்மண் வழுக்கும். வழுக்கும் மண்ணில் நின்று பந்தை அடக்கக் கற்றவனுக்குப் புல்தரை ஒரு பொருட்டே அல்ல. ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுப்பதும், பக்கத்துத் தோட்டத்தோடு போட்டிக்கு நாள் குறிப்பதும், லாரி பிடிப்பதும், பந்தின் கிழிந்த தோலைத் தைத்துவரச் சொல்வதும் ஒரு கிராணியோ, தமிழ்ப்பள்ளி வாத்தியாரோ, வயது கடந்துபோன பழைய ஆட்டக்காரரோ தம் தலைமேல் போட்டுக்கொண்ட பொறுப்புகள். அவருக்கு ஊதியம் இல்லை; பட்டம் இல்லை; அவர் எழுதி வைத்த குறிப்பேடும் எங்கும் இல்லை. நம்முடைய பயிற்றுநர் பரம்பரையின் முதல் தலைமுறை இதுதான். ஹடர்ஸ்ஃபீல்டில் கூடியவர்கள் இழந்த கூலியைக் கேட்டுச் சங்கம் அமைத்தார்கள். இங்கே அந்தக் கேள்வியை எழுப்பவும் நாதியில்லாத நிலையில் ஆட்டம் வளர்ந்தது.

அந்த ஆட்டத்தில் நம்மவர் தேசிய அணிவரை உயர்ந்தார்கள். 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம்.சந்திரன் இருந்தார், 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோலை ஆர்.ஆறுமுகம் காத்தார். ஆனால் அணியில் இடம்பெறுவது ஒன்று. அணியை நடத்தும் பொறுப்பை ஏற்பது மற்றொன்று. பின்னதற்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வரவேண்டும் என்ற எண்ணம் மலேசியக் காற்பந்துச் சங்கத்தில் நெடுங்காலம் பலமாக இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஜோசப் வெங்லோஸ், பிரான்ஸின் குளோட் லெருவா என்று பெயர் பெற்ற பலர் வந்து போனார்கள். அவர்களில் திறமைசாலிகள் இருந்தார்கள் என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும், இந்த மண்ணின் பிள்ளை எப்போது பயப்படுவான், எதற்குக் கூச்சப்படுவான், எந்தச் சொல்லுக்கு எழுந்து நிற்பான் என்பதை மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி அறிந்தவருடைய பெறுமதியை நாடு உணர்வதற்கு ஒரு பெரிய வீழ்ச்சி தேவைப்பட்டது.

அந்த வீழ்ச்சி 2007-இல் வந்தது. ஆசியக் கிண்ணப் போட்டியை நடத்திய நான்கு நாடுகளில் ஒன்றான மலேசியா, தன் சொந்தத் திடலில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அதன்பின் பொறுப்பேற்றவர் மற்றொரு தமிழரான பி.சத்தியநாதன். அவரும் 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-5 என்று தோற்ற பிறகு விலக்கப்பட்டார். அந்த நாற்காலியில்தான் ராஜகோபால் வந்து அமர்ந்தார்.

1956-இல் பிறந்த ராஜகோபால் தம் ஆட்டநாட்களில் தேசிய அணிக்காகவும் ஆடிய தாக்குதல் ஆட்டக்காரர். பிறகு கழக அணிகளையும் இளைஞர் அணிகளையும் நடத்திப் பழகியவர். அவர் பொறுப்பேற்ற காலத்தில் இரண்டு காரியங்கள் அவருக்குச் சாதகமாக இருந்தன. முதலாவது, 2009 பருவம் தொடங்கி உள்நாட்டு லீகில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை விதிக்கப்பட்டிருந்தது. அதுவரை ஒவ்வொரு கழகத்திலும் முன்வரிசையை அயல்நாட்டார் பிடித்துக்கொண்டிருந்தபடியால், கோலுக்கு முன் நின்று தீர்மானிக்கும் பழக்கமே நம் இளைஞர்களுக்கு இல்லாமற் போயிருந்தது. தடை வந்ததும் அந்த இடம் அவர்களுக்குத் திறந்தது. இரண்டாவது, இளைஞர்களை ஒரே அணியாகத் திரட்டி லீகிலேயே ஆடவைக்கும் ஹரிமாவ் மூடா திட்டம். அந்த அணி 2009-இல் பிரிமியர் லீக் பட்டத்தையே வென்றது. இத்திட்டங்கள் ராஜகோபாலுக்கு முன்பே தொடங்கியவை. நல்ல பயிற்றுநர் தமக்கு முன்னிருந்தவர்கள் விதைத்ததை அறுவடை செய்யத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அந்த விவேகம் அவரிடம் இருந்தது.

2009 டிசம்பரில் லாவோஸின் வியந்தியனில் நடைபெற்ற சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டிக்கு அவர் 23 வயதுக்குட்பட்ட அணியைக் கொண்டுபோனார். முதற்சுற்றிலேயே வியட்நாமிடம் 1-3 என்று தோல்வி. ஆனால் தாய்லாந்தை 2-1 என்று வென்று அரையிறுதிக்குள் புகுந்த அணி, அங்கே லாவோஸை 3-1 என்று வீழ்த்தி, இறுதியாட்டத்தில் மறுபடியும் அதே வியட்நாமைச் சந்தித்தது. டிசம்பர் 17-ஆம் தேதி நடந்த அந்த ஆட்டம், முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் வியட்நாமியத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரின் காலில் பட்டு அவர்கள் கோலுக்குள்ளேயே விழுந்த பந்தினால் 1-0 என்று முடிந்தது. 1989-க்குப் பிறகு 20 ஆண்டுகள் கழித்து மலேசியா அந்தத் தங்கத்தைப் பெற்றது. அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். முந்தைய சந்திப்பில் மூன்று கோல் அடித்த அணியை 90 நிமிஷமும் ஒரு கோலும் அடிக்கவிடாமல் நிறுத்தி வைத்தது அதிர்ஷ்டத்தின் வேலை ஆகாது.

மறு ஆண்டின் ஆசியான் கிண்ணப் போட்டியே இவருடைய தொழில்வாழ்க்கையின் மையம். ஆகவே அங்கே சற்று நின்று பார்ப்பது அவசியம். சீ போட்டியில் ஆடிய இளைஞர்களையே முதுகெலும்பாக வைத்து, அவர்களோடு சாஃபி சாலி போன்ற அனுபவசாலிகளைச் சேர்த்து அவர் அமைத்த அணி, 2010 டிசம்பர் 1-ஆம் தேதி ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ அரங்கில் இந்தோனேசியாவை எதிர்த்து இறங்கி, 1-5 என்ற கணக்கில் நொறுங்கிப் போயிற்று. இப்படிப்பட்ட இரவுக்குப் பிறகு பயிற்றுநருக்கு முன்னால் இருப்பவை இரண்டே வழிகள்: பாதி அணியை மாற்றித் தம் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பது, அல்லது பழுதைத் தேடிக் கண்டுபிடித்து அதை மாத்திரம் சரிசெய்வது. ராஜகோபால் இரண்டாவதைச் செய்தார். கோல்காவலர் மாறினார், கைருல் பாமி சே மாட் என்ற இளைஞர் கம்பங்களுக்கிடையே வந்து நின்றார். பின்வரிசை மேலேறி அலைவதை விட்டுத் தன் இடத்தைக் காத்தது. ஆனால் அணியின் உருவமும் அதன் இளமையும் அப்படியே நிலைத்தன. மூன்று நாட்களுக்குப்பின் தாய்லாந்துடன் 0-0. அடுத்து லாவோஸை 5-1 என்று வென்று அரையிறுதி. அங்கே வியட்நாமைத் தன் சொந்தத் திடலான புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் 0-0 என்று தாக்குப்பிடித்தது. முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய அணி, பலம் வாய்ந்த தாய்லாந்திடமும் வியட்நாமிடமும் சேர்த்து மூன்று ஆட்டங்களில் ஒரு கோலும் வாங்கவில்லை. இந்தக் கணக்கில்தான் பயிற்றுநரின் கை தெரிகிறது.

டிசம்பர் 26-ஆம் தேதி இறுதியாட்டத்தின் முதற்பகுதி புக்கிட் ஜாலிலில். எதிரே மீண்டும் இந்தோனேசியா. இடைவேளைவரை கோல் இல்லை. இடைவேளைக்குப் பின், பார்வையாளர் பகுதியிலிருந்து சிலர் பாய்ச்சிய லேசர் ஒளி தங்கள் கண்ணில் படுகிறதென்று இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு வெளியேற, ஆட்டம் சில நிமிஷங்கள் நின்றது. அச்செய்கை வெட்கக்கேடானது, நம் வெற்றியின் மகிழ்ச்சியில் அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆட்டம் தொடர்ந்ததும், 61-ஆம் நிமிஷத்தில் நோர்ஷாருல் இட்லான் எல்லைக்கோட்டருகே, பந்தைக் காத்து நின்ற இந்தோனேசியத் தற்காப்பு ஆட்டக்காரரிடமிருந்து அதைப் பறித்து உள்ளே தள்ள, சாஃபி சாலி கோலாக்கினார். 68-இல் அஷாரி சம்சுடின். 73-இல் மறுபடியும் சாஃபி. பன்னிரண்டு நிமிஷங்களில் மூன்று கோல்கள். மூன்று நாள் கழித்து, 1-5 என்று தோற்ற அதே ஜகார்த்தா அரங்கில், தொடக்கத்திலேயே இந்தோனேசியத் தலைவர் பிர்மான் உத்தினா அடித்த பெனால்டியை கைருல் பாமி பிடித்துவிட்டார்; சாஃபியின் ஒரு கோலுக்குப் பின் இந்தோனேசியா இரண்டு கோல்கள் அடித்தும், மொத்தத்தில் 4-2 என்று மலேசியா முதன்முறையாக ஆசியான் கிண்ணத்தைக் கைப்பற்றியது. ஐந்து கோல்களோடு சாஃபி அப்போட்டியின் முதல்வரானார். டிசம்பர் 31 நாடெங்கும் பொது விடுமுறை. எஸ்.குணாளனும் கே.குருசாமியும் இடம்பெற்ற அந்த அணிக்கு, தமிழர் ஒருவர் திடலோரத்தில் நின்று வழிகாட்டினார் என்பதை ஈப்போவின் சாப்பாட்டுக் கடைகளிலும் தோட்டத்து லயங்களிலும் ஜனங்கள் பேசிப்பேசி ஆனந்தப்பட்டார்கள். மலாய்க்காரரும் சீனரும் அந்த ஆனந்தத்தில் சமபங்கு கொண்டார்கள். இது இந்நாட்டில் அடிக்கடி வாய்க்கும் காட்சியல்ல.

அதற்குப் பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011 ஜூலையில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் அதன் திடலில் 3-5 என்று தோற்று, இங்கே 1-1 என்று முடித்து வெளியேற நேர்ந்தது. 2012 ஆசியான் கிண்ணத்தில் முதலாட்டத்தில் சிங்கப்பூரிடம் 0-3 என்று வீழ்ந்தும், லாவோஸையும் இந்தோனேசியாவையும் வென்று அரையிறுதியை எட்டிய அணி, தாய்லாந்திடம் அங்கே நின்றுவிட்டது. வெளிநாட்டு ஆட்டக்காரருக்கு இருந்த தடை 2012-இல் நீங்கிவிட்டதையும், ராஜகோபாலின் முன்வரிசைக்குரிய ஆட்கள் கழகங்களில் பழையபடி பெஞ்சில் உட்காரத் தொடங்கிய காலம் அது என்பதையும் விமர்சகர்கள் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். 2013-இல் அவருடைய ஒப்பந்தம் முடிவுற்றது; பின்னர் அவர் சரவாக் அணியை நடத்தினார்.

சத்தியநாதனின் வரலாற்றையும் இதனோடு சேர்த்துப் பார்க்கும்போது இத்தொழிலின் இயல்பு இன்னும் துலங்குகிறது. தேசிய அணியிலிருந்து தோல்வியின் பேரால் விலக்கப்பட்ட அவர், கிளந்தானுக்குப் போய், 2009-இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் நெகிரி செம்பிலானிடம் 1-3 என்று தோற்று, அடுத்த ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி அதே நெகிரி செம்பிலானை 2-1 என்று வென்று, அம்மாநிலத்தின் சரித்திரத்தில் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கோத்தபாருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஜனவரி 2009-இல் உதவாதவர் என்று தீர்மானிக்கப்பட்ட மனிதரும், அக்டோபர் 2010-இல் கொண்டாடப்பட்ட மனிதரும் ஒருவரே. இடையே அவருடைய அறிவு இருமடங்காகிவிடவில்லை. மாறியது, தோற்ற பின்னும் அவருக்கு மற்றொரு பருவம் கொடுக்கப்பட்டது என்ற ஒன்றுதான். கிளந்தான் அவரை 2009 இறுதியாட்டத்தோடு அனுப்பியிருந்தால் 2010 இல்லை. சங்கத்தார் 2010 டிசம்பர் 2-ஆம் தேதி காலையில் ராஜகோபாலை அனுப்பியிருந்தால் டிசம்பர் 29 இல்லை. பயிற்றுநருக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் உபதேசிக்கிறார்கள். அவரை நியமிக்கிறவர்களுக்கு அது அவரைக் காட்டிலும் அதிகமாக வேண்டும்.

இப்போது பேராக்கின் தோட்டங்களில் அந்தத் திடல்கள் இருக்கின்றனவா என்று கேட்டால் விடை சந்தோஷமளிப்பதாக இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல், பின்பு ரப்பருக்குப் பதில் செம்பனை, அதன்பின் வீடமைப்பு என்று நிலம் கைமாறிக்கொண்டே வந்ததில் லயங்களோடு திடல்களும் போயின. அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, மாலை ஐந்து மணிக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்க ஓர் இடம் கிடையாது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கம் இக்குறையை உணர்ந்து சொந்தமாகக் கழகம் ஒன்றை லீகில் ஏற்றியது, அது 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரோடு சூப்பர் லீகில் ஆடியது. பின்னர், பயிற்றுநர் பி.மணியத்தின் கீழ், வெளிநாட்டார் எவரையும் சேர்க்காமல் உள்நாட்டு இளைஞர்களையே நம்பித் திடலில் இறங்கிய துணிச்சலும் அக்கழகத்துக்கு இருந்தது. 2022 பருவம் முடிந்ததும் கழகம் லீகிலிருந்து விலகிக்கொண்டது.

ஆகவே அடுத்த ராஜகோபால் எங்கிருந்து வருவார் என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் சூப்பர் லீக் அட்டவணையைப் பார்ப்பதை விட்டு, கிந்தா மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் மாலை நேரத்தில் யார் பிள்ளைகளுக்குப் பந்து கொடுக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பயிற்றுநர் சான்றிதழ் வகுப்புக்குப் போக வழியும் பணமும் இருக்கின்றன என்று விசாரிக்கத் தொடங்க வேண்டும். பழைய கிராணிகளும் வாத்தியார்களும் ஊதியமின்றிச் செய்த வேலையை இன்றும் ஊதியமின்றிச் செய்யும்படி எதிர்பார்ப்பது தர்மமல்ல. நம் கோயில் திருவிழாக்களுக்கு வசூலாகும் தொகையில் ஒரு சிறு பங்கைச் சான்றிதழ்க் கட்டணத்துக்கென்று ஒதுக்கிவைக்க ஊருக்கு ஒரு சங்கம் முன்வந்தால், அந்த வகுப்புக்குப் போக ஆசைப்பட்டும் போக முடியாமல் நிற்கும் இளைஞர்களுக்கு அடுத்த ஆண்டே ஒரு வழி பிறக்கும்.